எடுத்த காரியத்தை இடையில் விடலாமா?

எடுத்த காரியத்தை முடிக்காமல் விடுவது இழிவு என்று நமக்குச் சிறு வயதிலிருந்தே கற்பிக்கப்பட்டு வருகிறது. பள்ளியில் ஆசிரியரும், இல்லத்தில் பெரியோரும், மேடையில் சொற்பொழிவாளரும் இதனையே வலியுறுத்துகின்றனர். விடாமுயற்சியைப் போற்றாத நாடு யாதும் இல்லை. ஆயினும், விடாமுயற்சி என்னும் அந்நற்குணமே மனிதனுக்குக் கேடாய் முடியும் இடம் ஒன்று உண்டா? உண்டாயின், அவ்விடத்தை அவன் எவ்வாறு அறிந்துகொள்வான்? இக்கேள்வியைச் சிறிது ஆராய்வோம்.

வெறும் சொற்களைக் கொண்டு ஆராய்ந்தால் இதற்கு முடிவு காண்பது அரிது. ஏனெனில், உறுதி நன்று, பிடிவாதம் தீது என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. தன் உள்ளத்தில் இருப்பது இவ்விரண்டில் எது என்று அறிவதுதான் கடினம். ஆகையால், இக்கேள்வி உயிருக்கும் சாவுக்கும் இடையே எழுகின்ற ஓரிடத்தை அன்பர்கள் முன் வைக்கிறோம். நாம் அவ்விடத்தில் நடந்தவர் அல்லோம். நடந்தோரும், நடந்தோரைத் தேடிச் சென்றோரும் விட்டுச் சென்ற வரலாறே நமக்கு ஆதாரம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பகுதியில், தெற்கே ஜார்ஜியா மாநிலத்து ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, வடக்கே மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலையில் முடியும் நடைவழி ஒன்று உளது. அதனை அப்பலாச்சியன் நெடுவழி என்பர். பதினான்கு மாநிலங்களைக் கடந்து செல்லும் அதன் நீளம் ஏறத்தாழ 2,190 மைல். 1921-ஆம் ஆண்டில் பென்டன் மக்காய் என்பார் இதற்கான திட்டத்தை வெளியிட்டார். 1937-இல் வழி முழுமை பெற்றது. மரங்களிலும் பாறைகளிலும் தீட்டப்பட்ட வெள்ளைக் குறிகளே நடப்போர்க்கு வழிகாட்டி.

இவ்வழியை முழுதும் ஒரே பயணத்தில் முதன்முதலாக நடந்து முடித்தவராக ஏர்ல் ஷாஃபர் என்பவரைக் குறிப்பிடுவர். அவர் இரண்டாம் உலகப் போரில் பணியாற்றித் திரும்பியவர். போரின் துயரத்தைத் தம் உள்ளத்தினின்று நடந்தே போக்கிவிட எண்ணி 1948-இல் புறப்பட்டார். 1955-இல் எம்மா கேட்வுட் என்னும் மூதாட்டி தம் 67-ஆம் வயதில் தன்னந்தனியே நடந்து முடித்தார். அவர் பதினொரு மக்களைப் பெற்ற தாய். இவர்கள் நடுவழியில் சோர்ந்து வீடு திரும்பியிருந்தால், அவர்கள் தேடிய ஆறுதல் அவர்களுக்குக் கிட்டியிராது. இவ்வழியைத் தொடங்குவோருள் நால்வரில் ஒருவரே முடிக்கின்றனர் என்றும் கூறுவர். எனவே, விடாமுயற்சியின் பெருமையை நாம் குறைத்துக் கூற வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

நிற்க. ஜார்ஜியாவிலிருந்து இளவேனிலில் புறப்படுகின்ற ஒருவர் நான்கு அல்லது ஐந்து திங்கள் நடந்தபின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தை அடைகிறார். அங்கே பிரசிடென்ஷியல் மலைத்தொடர் குறுக்கிடுகிறது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர்கள் பலரின் பெயர்களை அதன் சிகரங்கள் தாங்கி நிற்கின்றன. அவற்றுள் மிக உயர்ந்தது வாஷிங்டன் சிகரம். உயரம் 6,288 அடி. நம் இமயத்தை எண்ணிப் பார்ப்பவர்க்கு இவ்வுயரம் சிறியதாகவே தோன்றும். ஆனால் மலையின் கொடுமை அதன் உயரத்தில் மட்டும் இல்லை. பல திசைகளிலிருந்து வரும் புயல்கள் அவ்விடத்தில் கூடுகின்றன. மலைத்தொடரின் அமைப்பு காற்றை நெருக்கி மேலே தள்ளுகிறது. 1934-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் அச்சிகரத்திலுள்ள வானிலை ஆய்வகத்தார் மணிக்கு 231 மைல் வேகத்தில் வீசிய காற்றை அளந்தனர். பிற்காலத்தில், 1996-இல், ஆஸ்திரேலியாவை அடுத்த பாரோ தீவில் தானியங்கிக் கருவியொன்று இதனினும் மிகுந்த வேகத்தைப் பதிவு செய்தது. எனினும் மனிதர் உடனிருந்து அளந்த காற்றுகளுள் வாஷிங்டன் சிகரத்துக் காற்றே இன்றும் முதலிடம் வகிக்கிறது.

காற்றும் குளிரும் மிகுந்திருப்பதால் அம்மலையில் ஏறத்தாழ 4,500 அடிக்கு மேல் மரங்கள் வளர்வதில்லை. ஏறிச் செல்பவர் மரங்கள் வரவரக் குறுகுவதைக் காண்கிறார். ஆள் உயரமாக இருந்தவை இடுப்பளவாகின்றன, இடுப்பளவு முழங்காலளவாகிறது, பின்னர்ப் பாறையும், பாறைமேல் படர்ந்த பாசியும், சிறு பூண்டுகளுமே எஞ்சுகின்றன. அவ்விடத்திலிருந்து வழி மலைமுகட்டின் மேலேயே செல்கிறது. இருபுறமும் சரிவு, ஒதுங்க ஒரு நிழல் இல்லை, மின்னல் வந்தால் அங்கு உயர்ந்து நிற்கும் பொருள் மனிதனே. இவ்வாறு மறைவற்ற முகட்டில் பன்னிரண்டு மைலுக்கு மேல் நடக்க வேண்டும். மூடுபனியில் வழி தெரியும் பொருட்டு, இடையிடையே கற்களைக் குவித்து அடையாளக் குவைகள் எழுப்பியுள்ளனர். ஒரு குவையருகே நின்றால் அடுத்த குவை கண்ணுக்குத் தெரியாத நாள்களும் உண்டு.

மரங்கள் முடியும் அவ்வெல்லையில் மஞ்சள் நிறப் பலகை ஒன்று நடப்பட்டுள்ளது. அமெரிக்காவிலேயே மிகக் கொடிய வானிலை உள்ள இடம் இதற்கப்பால் இருக்கிறதென்றும், கோடையிலும் பலர் அங்குக் குளிரால் மாண்டுள்ளனர் என்றும், வானிலை மோசமாயிருந்தால் இப்பொழுதே திரும்பிவிடுக என்றும் அது எச்சரிக்கிறது. இவ்வெச்சரிக்கை மிகையன்று. 1849 முதல் இன்று வரை அம்மலைத்தொடரில் உயிரிழந்தோர் நூற்றைம்பதின்மருக்கும் மேலாவர்.

இப்பொழுது அப்பலகையின் முன் வந்து நிற்கும் மனிதனை எண்ணிப் பாருங்கள். அவன் அன்று காலை உலாவப் புறப்பட்டவன் அல்லன். ஏறத்தாழ 1,850 மைல் நடந்து வந்தவன். அவனுடைய காலணிகள் எத்தனையோ முறை தேய்ந்து மாற்றப்பட்டுள்ளன. மழையிலும் வெயிலிலும் நடந்தான். காலில் கொப்புளங்கள் எழுந்தபோதும் நடந்தான். உடன் தொடங்கியவர்கள் ஒவ்வொருவராய் நின்றுவிட்டபோதும் நடந்தான். இனி எஞ்சியிருப்பது ஏறத்தாழ 340 மைல்தான். கட்டாடின் மலையில் அக்டோபரில் தங்குமிடங்கள் மூடப்பட்டுவிடும் என்ற அச்சமும் அவனுக்கு உண்டு. மேலே மேகம் கறுத்திருக்கிறது. பலகை திரும்பச் சொல்கிறது. அவன் என்ன செய்வான்?

"இத்தனை நாளும் திரும்பாத நான் இன்றா திரும்புவேன்?" என்றுதான் அவன் உள்ளம் கூறும். இவ்விடத்தில் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். நடந்து வந்த 1,850 மைலும் அவனுடைய கால்களுக்கு வலிமை தந்தன. மனத்திற்குத் துணிவு தந்தன. ஆனால் இன்றைய வானத்தைப் பற்றி அவனுக்கு ஒன்றும் கூறவில்லை. நேற்று வரை நடந்ததை இன்று நடப்பதற்குச் சான்றாகக் கொள்கிறான். காற்றோ அவன் எவ்வளவு தூரம் நடந்து வந்தான் என்று கேட்டு வீசுவதில்லை. அன்று காலை ஊர்தியில் வந்து இறங்கியவனையும், ஐந்து திங்கள் நடந்து வந்தவனையும் அது ஒன்றுபோலவே தாக்குகிறது.

இஃது ஏதோ அயல்நாட்டு மலையில் மட்டும் நேர்வதென்று எண்ண வேண்டா. ஒரு முழ நிலத்துக்காக வழக்காடத் தொடங்கியவன், அந்நிலத்தின் விலையைப்போல் பன்மடங்கு செலவானபின்னும், "இவ்வளவு செலவழித்துவிட்டு இனி விடுவதா?" என்று மேன்முறையீட்டுக்கு மனு எழுதுகிறான். அவன் இப்பொழுது காத்து நிற்பது நிலத்தை அன்று. தான் செலவழித்த நாள்களையே. பற்று என்றவுடன் நாம் பொன்னையும் பொருளையும் சுகத்தையுமே எண்ணுகிறோம். தன் முயற்சியின்மேலும் மனிதனுக்குப் பற்று உண்டாகும். நற்குணத்தின் ஆடையை அணிந்து வருவதால் அப்பற்றை இனங்காண்பது அரிதாகிறது.

அறியாமையால் மட்டுமே மனிதர் இவ்வாறு செய்கின்றனர் என்று கூறவும் இயலாது. 1900-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் வில்லியம் கர்ட்டிஸ், ஆலன் ஆர்ம்ஸ்பி என்னும் இருவர் இம்முகட்டு வழியே வாஷிங்டன் சிகரத்துக்குச் சென்றனர். அப்பலாச்சியன் மலைக்கழகத்தின் கூட்டம் அச்சிகரத்தில் நடைபெறுவதாயிருந்தது. கர்ட்டிஸுக்கு வயது 63. அமெரிக்க உடற்பயிற்சித் துறையில் தந்தையெனப் போற்றப்பட்டவர். உடல் வலிமையாலும் அனுபவத்தாலும் சிறந்தவர். ஆர்ம்ஸ்பிக்கு வயது 29. வழியிலிருந்த சிகரம் ஒன்றன் பதிவேட்டில் காற்றின் கடுமையையும் குளிரையும் தம் கையாலேயே குறித்து வைத்துவிட்டு அவர்கள் மேலே நடந்தனர். கோடைக்காலத்திலேயே பனிப்புயல் மூண்டது. பாறைகள் மேல் பனிக்கட்டி படிந்தது. கர்ட்டிஸின் உடல் முகட்டின்மேல் உள்ள சிறு ஏரிகளுக்கு அருகே காணப்பட்டது. ஆர்ம்ஸ்பி சிகரத்துக் கட்டடங்களுக்கு மிக அண்மையில் வீழ்ந்து கிடந்தார். மூத்தவருக்கு உதவி கொணரும் பொருட்டே இளையவர் தனித்து முன்சென்றிருக்க வேண்டும் என்று பின்னர்க் கருதினர்.

காற்றின் கடுமையைத் தம் கையால் எழுதினவர்க்கு அது தெரியாதென்று யார் சொல்ல முடியும்? தெரிந்தது. ஆயினும் தெரிந்த செய்தி அவர்களுடைய முடிவை மாற்றவில்லை. தாம் முன்பு கடந்த புயல்களே இப்புயலையும் கடப்போம் என்ற நம்பிக்கையை அவர்களுக்குத் தந்திருக்கலாம். இதனைக் கூறும்பொழுது நாம் அவர்களைப் பழிக்கவில்லை. அவர்களுடைய நிலையில் நம்மில் பலரும் அவ்வாறே நடந்திருப்போம். இறந்தவரைக் குறை கூறி நம்மை அறிவுடையோராய்க் காட்டிக்கொள்வது அறமாகாது.

ஈண்டு மற்றோர் உண்மையையும் கருத வேண்டும். குளிர் உடலைத் தாக்கும்பொழுது கைகால்கள் மட்டும் விறைப்பதில்லை. நனைந்த ஆடையும் கடுங்காற்றும் சேர்ந்து உடல் வெப்பத்தைப் பறித்துக்கொண்டே வர, நாக்குக் குழறுகிறது, கால் தடுமாறுகிறது, நன்மை தீமையை எண்ணித் துணியும் ஆற்றலும் குறைகிறது. அவ்வாறு குறைவது அவனுக்கே தெரிவதில்லை. எந்த அறிவைக் கொண்டு திரும்ப வேண்டும் என்று துணிய வேண்டுமோ, அந்த அறிவே முதலில் கெடுகிறது. ஆகவே, "மேலே சென்று பார்ப்போம்; நிலைமை மோசமானால் அப்பொழுது திரும்பலாம்" என்று எண்ணுபவன், பின்னர்த் தன்னிடம் இல்லாமற் போகக்கூடிய ஒன்றை நம்பிச் செல்கிறான்.

அப்பலகை சிகரத்தில் நடப்படாமல் மரங்களின் எல்லையில் நடப்பட்டிருப்பதன் நுட்பம் இப்பொழுது விளங்கும். அங்கே அவன் இன்னும் நனையவில்லை; இன்னும் நடுங்கவில்லை; பின்னால் காடு இருக்கிறது; எண்ணுவதற்கு மனம் தெளிவாக இருக்கிறது. வாழ்க்கையிலும் இதுவே முறை. சினம் மூண்டபின் சினத்தை அடக்குவேன் என்பவனும், குடிக்கத் தொடங்கியபின் அளவோடு நிறுத்துவேன் என்பவனும், கடன் தலைக்கு மேல் ஏறியபின் கணக்குப் பார்ப்பேன் என்பவனும் மலைமேல் சென்றபின் திரும்புவேன் என்பவனையே ஒத்தவர்கள். ஒழுக்க விதிகளை மனம் தெளிந்திருக்கும் வேளையில் மேற்கொள்வது இதன் பொருட்டே. தெளிந்த மனம், பின்னர்க் கலங்கப்போகும் மனத்துக்குத் துணையாக அவ்விதியை அனுப்பி வைக்கிறது.

இதற்கு மறுப்பு ஒன்று எழலாம். "இடர் கண்டவுடன் திரும்பினால் உலகில் எக்காரியம்தான் நிறைவேறும்? கோழையும் தன் அச்சத்துக்கு விவேகம் என்று பெயர் சூட்டிக்கொள்வானே?" என்று சிலர் கேட்பர். இம்மறுப்பில் உண்மை உண்டு. வானம் தெளிந்திருக்கும் நாளில், கால் வலிக்கிறதென்று திரும்புகிறவனுக்கு அப்பலகை சான்றாகாது. அப்பலகையும் எல்லோரையும் எந்நாளும் திரும்பச் சொல்லவில்லை. வானிலை மோசமாயிருந்தால் என்றுதான் சொல்கிறது. வானத்தை நோக்காமல் திரும்புகிறவனும், வானத்தை நோக்காமல் செல்கிறவனும் ஒரு குற்றத்தையே செய்கின்றனர். இருவரும் தம் உள்ளத்தில் முன்னரே முடிவு செய்துவிட்டு, வெளியே இருப்பதைக் காண மறுக்கின்றனர்.

அப்படியாயின் உறுதியைப் பிடிவாதத்தினின்று பிரித்தறியும் வழி யாது? நாம் ஒரு சோதனையைக் கூறுவோம். "எத்தகைய நிலையில் நான் இதனை விட்டுவிடுவேன்?" என்று ஒருவன் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளட்டும். உறுதியுடையவனிடம் அதற்கு விடை இருக்கும். இன்ன அளவு காற்று, இன்ன நேரத்துக்குள் இன்ன இடம், உடன் வருபவர் சோர்வு இவையெல்லாம் அவன் விடையில் அடங்கும். பிடிவாதமுடையவனிடம் விடை இராது. அக்கேள்வியே அவனுக்குச் சினமூட்டும். விடத் தெரியாதவன் அக்காரியத்தைப் பற்றியிருப்பதாக எண்ணுகிறான். உண்மையில் அக்காரியமே அவனைப் பற்றியிருக்கிறது.

இனி, இது தனியொருவனின் உயிரைப் பற்றியது மட்டுமா என்பதையும் ஆராய வேண்டும். "என் உயிர்; என் விருப்பம்" என்று கூறுவார் உளர். 1982-ஆம் ஆண்டு ஜனவரியில் இரண்டு இளைஞர்கள் வாஷிங்டன் மலையின் பனிக்கட்டிச் சரிவொன்றில் ஏறினர். ஏற்றம் முடிந்தபின்னும் புயலினூடே சிகரம் நோக்கிச் சென்று வழி தவறினர். அவர்களைத் தேடிப் புறப்பட்ட தொண்டர்களுள் ஆல்பர்ட் டவ் என்பவர் ஒருவர், வயது 28. ஜனவரி 25-ஆம் நாள் பனிச்சரிவில் சிக்கி அவர் மாண்டார். காணாமற் போன இருவரும் பின்னர் உயிருடன் மீட்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான ஹியூ ஹெர் என்னும் பதினேழு வயது இளைஞர் குளிரால் தம் இரு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்தார்.

டவ் அவர்களை அறியார். அவரைச் செல்லுமாறு ஆணையிட்டவரும் இலர். யாரோ இருவர் குளிரில் கிடக்கின்றனர் என்பதே அவர் செல்வதற்குப் போதுமான காரணமாயிற்று. அவரும் இடரை அறிந்தே சென்றார். அவரைப் பிடிவாதக்காரர் என்போமா? என்னமாட்டோம். அவர் உள்ளத்தில் இருந்தது பிறர் துன்பம். மலையோ இவ்வேறுபாட்டை அறியாது. அறத்துக்காகச் சென்றவரையும் அது கொன்றது. அறம் செய்தவனைக் காற்றும் பனியும் காத்து நிற்கும் என்று நாம் கூறினால் பொய் கூறியவர்களாவோம். ஆனால் இதனைக் கூறலாம்: நாம் திரும்பாமற் செல்லும் ஒவ்வொரு முறையும், நம்மைத் தேடி வரப்போகும் யாரோ ஒருவரையும் நம்முடன் அழைத்துச் செல்கிறோம். அவர் முகம் நமக்குத் தெரியாது என்பதனால் அவர் இல்லாமற் போவதில்லை.

ஹியூ ஹெர் பின்னர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியரானார். செயற்கைக் கால்களை ஆக்கும் கலையில் உலகப் புகழ் பெற்றார். தாம் ஆக்கிய கால்களாலேயே நடக்கிறார். தம்மைத் தேடி வந்து மாண்டவரின் நினைவே தம்மை நற்பணிக்குத் தூண்டியதென்று அவர் கூறியுள்ளார். நேர்ந்த தீங்கை மாற்ற இயலாது. ஆயினும் தீங்கு நேர்ந்தபின் மனிதன் எத்திசையில் திரும்புகிறான் என்பது அவன் கையில்தான் உள்ளது.

1900-இல் நேர்ந்த இறப்புகளுக்குப் பின்னும் இவ்வாறே நடந்தது. அப்பலாச்சியன் மலைக்கழகத்தார் மாண்டவரைப் பழித்துக்கொண்டிருக்கவில்லை. மறு ஆண்டே முகட்டின்மேல் ஒதுங்குமிடம் ஒன்றை அமைத்தனர். 1915-இல், கர்ட்டிஸ் வீழ்ந்த பகுதியில், மேகங்களின் ஏரிகள் என்னும் பெயருடைய நீர்நிலைகளின் அருகே கல்லால் தங்குமனை ஒன்றைக் கட்டினர். இன்றும் அவ்வழியே செல்வோர் அதில் தங்குகின்றனர். கர்ட்டிஸ் குளிரில் கிடந்த பகுதியில் நூறாண்டுக்கு மேலாக அடுப்பு எரிந்து வருகிறது. வழியில் உள்ள கற்குவைகளும், அப்பலகையும், அம்மனையும் முன்சென்றோரின் துன்பத்திலிருந்து பின்வருவோர்க்குக் கிடைத்தவை. அவற்றைக் கண்டும் காணாமற் செல்வது அத்துன்பத்தை வீணாக்குவதாகும்.

இன்னுமொரு செய்தியைக் கூறி இக்கட்டுரையை முடிப்போம். தங்குமனைக்கு அருகில், மன்ரோ சிகரத்தின் அடிவாரத்தில், மஞ்சள் நிறப் பூ பூக்கும் மிகச் சிறிய பூண்டு ஒன்று உண்டு. அதன் இலைக்கொத்து ஒரு நாணயத்தின் அளவே இருக்கும். ராபின்ஸ் என்னும் தாவர ஆராய்ச்சியாளரின் பெயரால் அது வழங்கப்படுகிறது. நியூ ஹாம்ப்ஷயரின் உயர்ந்த முகடுகளில் அன்றி உலகில் வேறெங்கும் அஃது இயற்கையாக வளர்வதில்லை. சூறைக்காற்றையும் பனியையும் தாங்கி நிற்கும் அப்பூண்டு, மனிதனின் காலடியைத் தாங்கமாட்டாமல் அழிந்துவந்தது. ஏனெனில், 1819-இல் கிராஃபர்டு குடும்பத்தார் அமைத்த முகட்டு வழி அது வளரும் நிலத்தின் ஊடே சென்றது. பின்னர் நெடுவழியும் அதனையே பின்பற்றியது. 1980-இல் அப்பூண்டு அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவிக்கப்பட்டது. 1983-இல் வழியையே விலக்கி வேறிடத்தில் அமைத்தனர். பூண்டு வளரும் நிலத்தைக் கல்வேலியிட்டுக் காத்தனர். அது மீண்டும் பெருகியது. 2002-இல் அழியும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து அதன் பெயர் நீக்கப்பட்டது.

நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக மனிதர் நடந்து பழகிய வழி. பழமையைக் காட்டி அதனை மாற்றக்கூடாதென்று கூறியிருக்கலாம். பல்லாயிரவர் நடக்கும் வழியா, ஒரு நாணயமளவு பூண்டா என்று கேட்டிருக்கலாம். அவ்வாறு கேளாமல் வழியை மாற்றினர். இன்றும் மக்கள் அங்கு நடக்கின்றனர், சிகரத்தை அடைகின்றனர், சற்றுச் சுற்றிச் செல்கின்றனர், அவ்வளவே.

எனவே, எடுத்த காரியத்தை இடையில் விடலாமா என்ற கேள்விக்கு எந்நாளும் பொருந்தும் ஒரே விடையை நாம் கூற இயலாது. கண்ணைத் திறந்து நோக்கியபின் செல்வதும் நன்று; கண்ணைத் திறந்து நோக்கியபின் திரும்புவதும் நன்று. பலகையின் முன் நின்று வானத்தைப் பார்த்துத் திரும்பியவன், கீழே காட்டினுள் கூடாரமடித்து ஓர் இரவைக் கழிக்கிறான். மறுநாள் மேகம் விலகியிருந்தால் மீண்டும் ஏறுகிறான். அவன் நடந்த 1,850 மைலில் ஒரு மைலும் குறைந்துவிடவில்லை. மலை அங்கேயே இருக்கிறது. அவனும் இருக்கிறான். அவனைத் தேடி இரவில் யாரும் மலையேற வேண்டியதில்லாமற் போயிற்று.